தரையிலிருந்து ஒரு சாண்

பதினோரு பேர் பாடினார்கள். பத்துப் பேர் நின்றபடி பாடினார்கள். ஒரு குரல் மட்டும் தரையிலிருந்து வந்தது.

முதல் தடவை அதைக் கவனித்தபோது சாம்சன் பயப்படவில்லை. முப்பத்தோரு வருஷம் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்தவர். ஒரு மெஷின் ஒழுங்காக ஓடவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், காரணம் தெரிந்துவிட்டால் சரிசெய்துவிடலாம் என்பதைத் தவிர வேறு எதையும் அவர் பெரிதாக நம்பியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனதுகூட மனைவி பியூலாவுக்காகத்தான். அதனால் பாட்டை நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதேதான். இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் குரல்கள், எல்லாம் ஆள் உயரத்தில். ஒன்று மட்டும் வரிசையில் இல்லை. நடுவில், கொஞ்சம் வலப்பக்கமாக, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

அது நடக்க முடியாத காரியம். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு முன்னால் சரியான இடத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அது புரியும். ஒரே குரல் இரண்டு பெட்டியிலும் ஒரே அளவில் வந்தால், நம் மூளை அதைப் பெட்டியில் வைக்காது. நடுவில், ஒன்றுமே இல்லாத வெறும் இடத்தில் கொண்டுபோய் ஒரு ஆளை நிறுத்தும். இடது பெட்டியில் சத்தம் கூடினால் அந்த ஆள் இடப்பக்கம் நகர்வார். எதிரொலி கூடினால் பின்னால் போவார், குறைந்தால் கிட்டே வருவார். இவ்வளவுதான் இரண்டு பெட்டிகளால் முடியும். உயரம் முடியாது. இரண்டு பெட்டியும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. இவன் நிற்கிறான், இவன் குனிந்திருக்கிறான் என்று சொல்வதற்கென்று அந்த ஒயரில் எதுவும் போவதில்லை.

ஆனாலும் அந்தக் குரல் கீழே இருந்தது. அது பியூலாவின் குரல்.

அவள் இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. பாட்டு, அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு சர்ச் பாடகர் குழு ஒத்திகை பார்த்தபோது பதிவு செய்தது. பதிவு செய்தவர் சதீஷ். ஸ்ரீவில்லிபுத்தூரில் எலெக்ட்ரிக்கல் கடையும், கடைக்குப் பின்னால் விலை உயர்ந்த ஆடியோ சாமான்களுக்கென்று ஒரு சின்ன அறையும் வைத்திருப்பவர். பீடத்துக்கு எதிரே இரண்டே இரண்டு மைக்கை நிறுத்தி, பதினோரு பேரை வரிசையாக நிற்கவைத்து எடுத்திருந்தார். பியூலா இடமிருந்து மூன்றாவது. ஸ்பீக்கர் சோதிப்பதற்கு சாம்சன் இந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். உலகத்தில் அவருக்கு அச்சு அசலாகத் தெரிந்த ஒரே குரல் அது. அதை எந்த ஸ்பீக்கர் சரியாகச் சொல்கிறதோ, அது நல்ல ஸ்பீக்கர்.

சோதிக்க இரண்டு ஜோடி வந்திருந்தன. இரண்டும் தரையில் நிற்கும் வகை, மார்பு உயரம். ஒரு ஜோடி கறுப்பு; ஒல்லியாக, ஈட்டி மாதிரி நான்கு இரும்புக் கால்களில் நின்றது. இன்னொன்று மரநிறம்; இடுப்பு பருத்து, முன்பக்கம் துணி போர்த்தி, பார்க்கவே ஒரு குடும்பஸ்தன் மாதிரி இருந்தது. திங்கட்கிழமை சதீஷ் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். "ஒரு வாரம் வீட்டுல வச்சுக் கேளுங்க அண்ணாச்சி. கடையில கேக்கறது வேற, வீட்டுல கேக்கறது வேற. சனிக்கிழமை வந்து வேண்டாததை எடுத்துக்கிடுதேன்" என்றார். பெட்டிகளை இறக்கும்போது எதிர் வீட்டு அய்யம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, நாலு பீரோ வாங்கிருக்கீக? ஒத்த ஆளுக்கு எம்புட்டுத் துணி இருக்கு?"

"பீரோ இல்லம்மா. பாட்டுப் பொட்டி."

"பாட்டுக்கா இம்புட்டு ஒசரம்? என் போன்லயே பாட்டு வருதே!" என்று சிரித்துவிட்டு, போகும்போது குரலைத் தாழ்த்தி, "நல்லதுதாண்ணே. வீட்டுல ஏதாச்சும் சத்தம் கேக்கட்டும்" என்றாள்.

ஸ்பீக்கர்கள் கூடத்தின் பின்சுவரை ஒட்டி, அடுப்படி வாசலுக்கு இரண்டு பக்கமும் நின்றன. அங்கேதான் நிறுத்த இடம் இருந்தது. வாசலில் பியூலா தைத்துப் போட்ட நீலத் திரை. திரையின் அடிவிளிம்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கும்; தரை துடைக்கும்போது நனையக் கூடாது என்று அவள் அளந்து வைத்தது.

ஸ்பீக்கர் எதற்கு என்று சதீஷ் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சாம்சனால் பதில் சொல்லியிருக்க முடியாது. மில்லில் இருந்த காலத்தில் அவரிடம் ஒரு நல்ல ஹெட்போன் இருந்தது. காதை முழுக்க மூடும் பெரிய தோல் குஷன் வைத்தது. காலை ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குத் தெருப்பக்க ஜன்னலைப் பார்த்து நாற்காலியைப் போட்டு, அதை மாட்டிக்கொண்டு பாட்டுப் போட்டால் நாற்பது நிமிஷம் உலகம் இல்லை. எட்டு மணி நேரம் ஸ்பின்னிங் ஹாலில் நின்ற காதுக்கு அந்த அமைதி கஞ்சித் தண்ணீர் மாதிரி. அன்றைக்கும் அப்படித்தான் மூன்று மணிக்கு மாட்டினார். மூன்று நாற்பதுக்குக் கழற்றி, டீ வரவில்லையே என்று திரும்பினார்.

அடுப்படி ஈரத்தில் பியூலா விழுந்து கிடந்தாள். கன்னம் தரையில். முகம் கூடத்தைப் பார்த்து. அவருடைய முதுகைப் பார்த்து.

விழுந்த பிறகும் ரொம்ப நேரம் நினைவு இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள் மகள் விஜி, கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஒரே ஒரு தடவை கேட்டாள்: "அப்பா, அம்மா உங்களைக் கூப்பிடலையா?"

"இல்லம்மா. கூப்பிடல" என்றார்.

அது அவருக்குத் தெரியாது. தெரியாமல் சொன்னார். அன்று சாயங்காலம் ஹெட்போனைக் கொண்டுபோய் கொல்லைக் கிணற்றில் போட்டார். அதற்குப் பிறகு பதினான்கு மாதம் பாட்டே கேட்கவில்லை. பிறகுதான் இந்த யோசனை வந்தது: காதை மூடாமல் பாட்டுக் கேட்க வேண்டும். காது வீட்டுக்குத் திறந்திருக்க வேண்டும். யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டும். கூப்பிட யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவர் காரணம் தேட ஆரம்பித்தார். மதியம் மூன்று மணிக்கு, தெரு உண்டு உறங்கும் நேரத்தில், வெளிச்சத்தம் வராமல் இருக்க ஜன்னல்களைச் சாத்தி, ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, அரை இருட்டில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். முதல் சந்தேகம் தரைமேல். டைல்ஸ் தரையில் சத்தம் பட்டுத் தெறிக்கும். தெறித்த சத்தம் நேரே வரும் சத்தத்துக்கு ஒரு இம்மி பிந்தி வந்து குழப்பும். கட்டிலிலிருந்து பஞ்சு மெத்தையை இழுத்துவந்து தரையில் விரித்தார். நின்று பாடிய பத்துக் குரலும் இன்னும் தெளிவாயின. கீழே கிடந்த குரல் கீழேயே கிடந்தது. அடுத்து, பெட்டிகளைச் செங்கல் வைத்து முக்கால் அடி உயர்த்தினார். பத்துப் பேரும் கொஞ்சம் உயர்ந்தார்கள். அவள் உயரவில்லை. கறுப்பைக் கழற்றி மரநிறத்தை மாட்டினார். மரநிறத்தில் எல்லாக் குரலும் வெல்லப்பாகில் முக்கி எடுத்த மாதிரி வந்தது. அந்தக் குரலும் மெத்தென்று, போர்வைக்குள்ளிருந்து வருவது போல வந்தது. ஆனால் இடம் மாறவில்லை. தரையிலிருந்து ஒரு சாண்.

ஆக, பெட்டியில் குறை இல்லை.

புதன்கிழமை அவர் செய்த சோதனை எளிமையானது. அதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று பின்னால் யோசித்தார். செய்ய மனசில்லாமல்தான் தள்ளிப்போட்டிருக்கிறார். இடது ஒயரை வலது பெட்டியிலும் வலது ஒயரை இடது பெட்டியிலும் மாற்றிச் சொருகினார். அப்படிச் செய்தால் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிவிடும். இடப்பக்கம் நின்றவர் வலப்பக்கம் நிற்பார். குறை பாட்டுப் பதிவில் இருந்தால், குறையும் சேர்ந்து திரும்பும்.

பாட்டைப் போட்டார். கரகரத்த கட்டைக்குரல் கிழவர் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குப் போயிருந்தார். சிறுமிகள் இரண்டு பேர் வலமிருந்து இடம் வந்திருந்தார்கள். பத்துப் பேரும் ஒழுங்காகத் திரும்பி நின்றார்கள்.

ஒன்று திரும்பவில்லை. அதே இடத்தில், நடுவில், கொஞ்சம் வலப்பக்கமாக. திரைக்குக் கீழே.

இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அந்தக் குரல் ஒயர் வழியாக வரவில்லை.

வியாழக்கிழமை காலை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். சதீஷ் கடை வாசலிலேயே கையைத் தூக்கினார்.

"வாங்க அண்ணாச்சி! என்ன, முடிவு பண்ணியாச்சா? பொண்ணு பாக்கப் போன மாப்பிள்ளை ரெண்டு பொண்ணையும் வீட்டுக்குக் கூட்டியாந்து முழிச்ச கதையால்ல இருக்கு!" சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோங்க. வாய் நிக்க மாட்டேங்கு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. ஒசரத்துல ஒரு கோளாறு."

"ஸ்டீரியோல ஏது அண்ணாச்சி ஒசரம்?"

"அதைத்தான் நானும் கேக்கேன்."

பின்னறைக்குப் போய் உட்கார்ந்தார்கள். சதீஷ் தன்னிடம் இருந்த மூலப்பதிவை எடுத்துப் போட்டார். சாம்சன் எதுவும் விளக்கவில்லை. "எத்தனை பேரு பாடுதாகன்னு எண்ணு" என்றார். சதீஷ் சிரித்துக்கொண்டே விரலை நீட்டி, கண்ணை மூடி, காற்றில் ஒவ்வொருவராகக் காட்டினார். "இந்தா கட்டைக்குரல். ஒண்ணு. டீச்சரம்மா. ரெண்டு…"

விரல் நகர்ந்து, மூன்றாவது இடத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"தம்பி?"

"இங்க யாரையும் காணலையே." சதீஷ் கண்ணைத் திறந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. "டீச்சருக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவுல ஒரு ஆளு நிக்கற இடம் காலியா இருக்கு. பதினோரு பேரை என் கையால நிறுத்துனேன் அண்ணாச்சி. அக்கா மூணாவது. நானே 'அக்கா, செத்த முன்னால வாங்க'ன்னு சொன்னேன். பொறவு எப்படி…"

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலியிடம் நன்றாகவே கேட்டது.

"நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றார் சதீஷ் கடைசியில். "மரநிறத்தை வச்சுக்கோங்க. அது இனிமையா இருக்கும். பதிவுல உள்ள குத்தங்குறையெல்லாம் மூடிரும். கறுப்பு அப்படியில்ல. ஒண்ணத்தையும் மூடாது. கேக்க வேண்டாததும் சேந்து கேக்கும்."

"இருக்கறது கேக்கணும் தம்பி."

"எதுக்கு அண்ணாச்சி?"

சாம்சன் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது, ராஜபாளையத்துச் சஞ்சீவி மலை தெரிந்ததும், விஜி கேட்ட கேள்வி மறுபடி காதில் விழுந்தது. அவருக்கு வேண்டியது அந்த ஒரு கேள்விக்குப் பதில். கூப்பிட்டாளா, இல்லையா? கூப்பிடவில்லை என்றால் அவர் மகளிடம் சொன்னது உண்மையாகிவிடும். கூப்பிட்டிருந்தால், தெரிந்துகொண்டாவது சாகலாம். மரநிறம் அதை மூடிவிடும் என்றால், மரநிறம் அவருக்கு வேண்டாம்.

வெள்ளிக்கிழமை கறுப்பை மாட்டி, அந்த ஒரு குரலை மட்டும் கவனித்தார். இப்போது வேறொன்று தெரிந்தது. சர்ச்சில் பாடினால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு நீண்ட வால் இருக்கும். உயரமான கூரையில் போய் முட்டி, சுற்றி, மெல்லக் கரையும் எதிரொலி. பத்துக் குரலுக்கும் அந்த வால் இருந்தது. அவள் குரலுக்கு இல்லை. அவள் குரலுக்குப் பின்னால் இருந்தது வேறு எதிரொலி. குட்டையானது. டைல்ஸ் பதித்த சுவரில் பட்டுத் தெறிப்பதும், கடைசியில் ஏதோ எவர்சில்வர் பாத்திரம் லேசாக 'ணங்' என்று கூடச் சேர்ந்து அதிர்வதும்.

சாம்சன் எழுந்து, திரையை விலக்கி, அடுப்படிக்குள் போய் ஒரு தடவை கை தட்டினார்.

அதே எதிரொலி. மேடையில் கவிழ்த்து வைத்திருந்த குடம் 'ணங்' என்றது.

அடுப்படியில் யாரும் இல்லை. தரை காய்ந்து கிடந்தது. பதினான்கு மாதமாக அவர் ஈரத்துணி போட்டுத் துடைத்ததே இல்லை. ஆனால் சோப்புத் தண்ணீரும் பழைய கரித்துணியும் சேர்ந்த வாசனை இருந்தது. கூடத்துக்குத் திரும்பி வந்து சதீஷுக்குப் போன் போட்டு, "கறுப்பு இருக்கட்டும் தம்பி. மரநிறத்தை எடுத்துட்டுப் போயிரு" என்றார்.

"நெசமாவா? சரி. நாளைக்கு நாலு மணிக்கு வண்டியோட வாரேன்." சதீஷ் கொஞ்சம் தயங்கினார். "அதுவரைக்கும் அந்தப் பாட்டைப் போடாதீக அண்ணாச்சி."

சனிக்கிழமை மூன்று மணிக்கு அவர் அந்தப் பாட்டைப் போட்டார்.

ஜன்னல்களைச் சாத்தியிருந்தார். தெருக்கதவையும் தாழ் போட்டிருந்தார். மின்விசிறியை நிறுத்தியிருந்தார், அதன் காற்றும் ஒரு சத்தம்தான். அரை இருட்டில் கறுப்புப் பெட்டிகள் இரண்டும் வாசலுக்கு இரு பக்கமும் காவல் நிற்பவர்கள் மாதிரி நின்றன. நடுவில் நீலத் திரை அசையாமல் தொங்கியது. எங்கோ தூரத்தில் ஒரு மில்லின் உறுமல், சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாமல், நாற்காலிக் கால் வழியாக வந்துகொண்டிருந்தது. பாடகர் குழு பாடியது. பத்துப் பேர். பதினோராவது குரல் இன்றைக்குப் பாடவில்லை. ஆனால் இருந்தது. வெறும் மூச்சாக. பிறகு, மூச்சுக்கு நடுவில், ஒரு சின்னஞ்சிறு சத்தம். ஈர உதடுகள் ஒட்டிப் பிரியும் சத்தம்.

அந்தச் சத்தம் அவருக்குக் கேட்கவே கூடாது. மில் அவர் காதிலிருந்து முதலில் பறித்தது அந்த மாதிரி மெல்லிய, கூரான சத்தங்களைத்தான். கடிகாரத்தின் டிக் டிக், தாளின் சரசரப்பு, உதட்டின் சத்தம் எதுவும் அவருக்குக் கேட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. காது டாக்டர் காகிதத்தில் கோடு போட்டே காட்டியிருந்தார்.

பாட்டு முடிந்தது.

உதட்டுச் சத்தம் முடியவில்லை.

ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். சிவப்பு விளக்கு மங்கி அணைந்தது. சத்தம் இருந்தது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். இருந்தது. இரண்டு பெட்டியிலிருந்தும் ஒயரை உருவித் தரையில் போட்டார். நான்கு செப்பு முனைகள் வெறுமனே கிடந்தன.

ம்ப். கொஞ்சம் இடைவெளி. ம்ப். கொஞ்சம் இடைவெளி.

மெஷின் மாதிரி ஒரே சீராக. உதடு ஒட்டுகிறது. பிரிகிறது. குரல் இல்லை. குரலே இல்லாத பேச்சு.

அப்போது அவருக்கு விளங்கியது.

மில் பேச்சு.

ஸ்பின்னிங் ஹாலில் யாரும் கத்துவதில்லை. கத்தினாலும் கேட்காது. இருபது அடி தள்ளி நிற்பவரிடம் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். மற்றவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். கல்யாணத்துக்கு முன்னால் பியூலாவும் எட்டு வருஷம் அந்த மில்லில்தான் இருந்தாள். அவர்கள் காதலித்ததே அப்படித்தான், ஒரு சத்தம் இல்லாமல். அந்தப் பேச்சுக்கு ஒரு சட்டம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேஸ்திரி சொல்லிக்கொடுப்பார்: ஓடுகிற மெஷினில் கை வைத்திருப்பவனைப் பின்னாலிருந்து தொடாதே, கத்தாதே. திடுக்கிட்டால் கை போய்விடும். பார்வை படுகிற இடத்தில் நின்று உதட்டை அசை. அவன் திரும்பும்வரை காத்திரு.

அன்று அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காதில் ஹெட்போன். கத்தினாலும் கேட்காது என்று அவளுக்குத் தெரியும்.

காத்திருந்தாள்.

இந்த ஐந்து நாளும் மெத்தையை விரித்து எடுத்தார், பெட்டியை உயர்த்தினார், ஒயரை மாற்றினார். எல்லாவற்றையும் நகர்த்தினார். ஒன்றை மட்டும் நகர்த்தவில்லை. கேட்கிறவனை.

முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். கையை ஊன்றினார். மெல்லச் சாய்ந்து, டைல்ஸில் கன்னத்தை வைத்துப் படுத்தார். தரை ஈரமாக இருந்தது.

திரைக்குக் கீழே அந்த ஒரு சாண் இடைவெளி, இப்போது அவர் கண்ணுக்கு நேராக இருந்தது.

அதில் ஒரு முகம்.

கன்னம் தரையில். கண் திறந்து. அன்றைக்குப் பார்த்தது போலவே. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நிற்காமல். பதினான்கு மாதமாக நிற்காமல்.

அவர் படித்தார்.

ஏங்க. திரும்புங்க. ஏங்க. திரும்புங்க. ஏங்க.

"திரும்பிட்டேன்" என்றார். "பியூலா, திரும்பிட்டேன். இந்தா பாரு, பாக்கேன்."

சொன்னது அவருக்கே கேட்கவில்லை.

உதடு நின்றது. கண்கள் அவர் கண்ணைப் பார்த்தன. அவள் அவரைப் பார்த்தாள் என்பதில் சந்தேகமில்லை. அந்தப் பார்வையில் கோபமில்லை, அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. பிறகு உதடு வேறொன்றைச் சொன்னது. மெதுவாக. புதிதாக வேலைக்கு வந்தவனுக்குச் சொல்வது போல.

காதுல இருக்கறதை எடுங்க.

அவர் கையைத் தூக்கிக் காதைத் தொட்டார்.

தோல் குஷன். பெரியது. காது முழுக்க மூடியிருந்தது. இன்னொரு கையையும் தூக்கினார். அந்தப் பக்கமும். நனைந்திருந்தன. அழுத்திய இடத்திலிருந்து தண்ணீர் ஊறிக் கழுத்தில் வழிந்தது. கிணற்றுப் பாசி நாற்றம்.

இழுத்தார். வரவில்லை. நகத்தைக் கொடுத்து நெம்பினார். வரவில்லை.

கன்னத்தில் தரை அதிர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. மணி நாலாகியிருக்க வேண்டும். தெருக்கதவை சதீஷ் தட்டுகிறார். சத்தம் இல்லை, அதிர்வு மட்டும். அண்ணாச்சி, அண்ணாச்சி என்று கத்திக்கொண்டிருப்பார். சாம்சன் எழப் பார்த்தார். உடம்பில் எதுவும் அசையவில்லை. கூப்பிடப் பார்த்தார். உதடு ஒட்டிப் பிரிந்தது. ஒட்டிப் பிரிந்தது. சதீஷுக்கு மில் பேச்சு தெரியாது.

திரைக்குக் கீழே அவள் கை மெல்ல நீண்டு வந்து, அவர் கை பக்கத்தில் நின்றது.

இரண்டு ஸ்பீக்கரிலும் குறை எதுவும் இல்லை. கேட்பவரின் காது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கிருந்து கேட்டால் குரல் நேர் எதிரில், சரியான உயரத்தில் இருந்தது.